குடும்பநல வழக்கறிஞராக முதல் பணி: தலித் சட்டப் பட்டதாரிகள் அறிந்திருக்க வேண்டியவை

1923ஆம் ஆண்டு பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்க முற்பட்டபோது, இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றிருந்த டாக்டர் அம்பேத்கரிடம் பதிவுச் சான்று பெறுவதற்கான பணம் இல்லை. நண்பர் நவல் பத்தேனாவின் பண உதவியால்தான் அவர் பதிவு செய்துகொண்டார். பதிவுக்குப் பிறகும் வழக்குகள் எளிதில் வரவில்லை. வழக்குகளைப் பகிர்ந்தளிக்கும் இடத்திலிருந்த சொலிசிட்டர்கள், தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட ஒருவரிடம் அவற்றைத் தர முன்வரவில்லை.

அன்று அவர் முன் நின்ற தடைகள் இரண்டு. ஒன்று கட்டணம்; மற்றொன்று, வழக்கு யாரிடம் செல்லவேண்டும் என்பதை முடிவு செய்யும் உறவு வட்டம். முதல் தடை சட்டத்தாலும் தீர்ப்புகளாலும் இன்று பெருமளவு குறைந்துள்ளது. இரண்டாவது தடை ஏறத்தாழ அப்படியே நீடிக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பநல வழக்குகளில் பணியாற்ற விரும்பும் தலித் சட்டப் பட்டதாரி முதல் வாய்ப்பை எங்கே, எவ்வாறு தேடலாம், எதைக் கேட்டுப் பெறலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பதிவும் தகுதித் தேர்வும்

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பதிவுக் கட்டணத்தை 750 ரூபாய் என வரையறுத்துள்ளது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அது 125 ரூபாய். முத்திரைத் தீர்வை தனி. ஆயினும் பல மாநிலப் பார் கவுன்சில்கள் பல்வேறு தலைப்புகளில் ஆயிரக்கணக்கான ரூபாயை வசூலித்து வந்தன. கௌரவ் குமார் வழக்கில் 2024 சூலை 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டம் குறிப்பிடும் தொகைக்கு மேல் பதிவின்போது வசூலிக்க அதிகாரமில்லை என்று கூறியது. மிகைக் கட்டணம் விளிம்புநிலைச் சமூகத்தினரைத் தொழிலுக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாடாகிவிடுகிறது என்பதையும் அது பதிவு செய்தது. இன்று பதிவு செய்பவரிடம் கூடுதல் தொகை கேட்கப்பட்டால், அதற்கான சட்டப் பிரிவைக் கேட்பதும் இரசீது பெறுவதும் அவரது உரிமை.

இங்கே ஒரு விடுபடலைச் சுட்ட வேண்டும். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, கிறித்தவத்தைத் தழுவிய தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். எனவே ஒரே தெருவில் வளர்ந்த இருவரில் ஒருவர் 125 ரூபாயும் மற்றவர் 750 ரூபாயும் செலுத்த நேரிடுகிறது.

பதிவு பெற்றவர் இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்தியப் பார் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். இத்தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரி 10 அன்று உறுதி செய்தது. தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் பெற வேண்டும். குறிப்புகள் எழுதப்படாத சட்டப் புத்தகங்களைத் தேர்வறைக்குக் கொண்டு செல்லலாம். தேர்வு முடியட்டும் எனக் காத்திருக்காமல், பதிவு எண் கிடைத்தவுடனேயே அலுவலகங்களைத் தேடத் தொடங்குவது நல்லது.

'வேலை' என்ற சொல்லின் பொருள்

வழக்கறிஞரின் முதல் வேலை, சட்டத்தின் பார்வையில் வேலையே அன்று. இந்தியப் பார் கவுன்சில் விதிகளின் 49ஆம் விதி, தொழில் செய்யும் வழக்கறிஞர் எவரிடமும் முழுநேர ஊதியப் பணியாளராக இருப்பதைத் தடை செய்கிறது. ஆகவே 'சீனியர்' அலுவலகத்தில் சேரும் 'ஜூனியர்' பணி ஆணை பெறுவதில்லை. வருங்கால வைப்பு நிதியோ வரையறுத்த வேலை நேரமோ அவருக்கு இல்லை. தொண்டு நிறுவனம் ஒன்றில் முழுநேர ஊதியத்தில் சேர்ந்தால், அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும்.

36ஆம் விதி, வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும் வழக்குத் தேடி அணுகுவதையும் தடுக்கிறது. தொழிலின் கண்ணியம் காக்கும் நோக்கில் அமைந்த இவ்விதிகளின் விளைவு எல்லோருக்கும் சமமாக இல்லை. விளம்பரம் இல்லாத இடத்தில் வழக்குகள் உறவினர், ஊரார், சாதிச் சங்கத்தார் வழியாகவே வருகின்றன. பணியிட அறிவிப்பு இல்லாத இடத்தில் ஜூனியர் வாய்ப்புகளும் அதே வழியில்தான் நிரப்பப்படுகின்றன. மாமாவோ சித்தப்பாவோ நீதிமன்ற வளாகத்தில் இருப்பவருக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது மூடிய கதவு.

சென்னையில் இத்தூரம் நில அளவிலும் கூடியது. உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இயங்கிய டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, 2018இல் திருவள்ளூர் மாவட்டம் பட்டறைப்பெரும்புதூருக்கும் செங்கல்பட்டு மாவட்டம் புதுப்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டது. வகுப்பு முடிந்ததும் நடந்தே சென்று நீதிமன்றத்தைக் காணும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. படிக்கும் காலத்திலேயே அறிமுகங்களைத் தேடிக்கொள்ள இருந்த ஒரே இலவச வழி, பெரும்பாலும் அரசுக் கல்லூரியையே நம்பியிருந்த மாணவர்களுக்கு அடைபட்டது.

இதன் விளைவு மேல்தட்டில் தெரிகிறது. 2018 முதல் 2023 சூலை வரை உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 18 பேர் மட்டுமே என்று ஒன்றிய சட்ட அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நீதிபதிகள் வழக்கறிஞர்களிலிருந்து வருகின்றனர். வழக்கறிஞர்கள் ஜூனியர்களிலிருந்து வருகின்றனர்.

குடும்பநல நீதிமன்றமும் சாதியும்

குடும்பநல வழக்கைச் சிலர் 'சிறிய வழக்கு' என்று ஒதுக்குவதுண்டு. சாதி தன்னைக் காத்துக்கொள்ளும் இடம் திருமணம் என்பதை அம்பேத்கரின் எழுத்துகளைப் படித்தோர் அறிவர். தருமபுரி இளவரசன், உடுமலைப்பேட்டை சங்கர் ஆகியோரின் மரணங்கள் திருமணத்தில் தொடங்கிய வழக்குகளே. சாதி மறுப்பு இணையர் முதலில் தேடுவது ஒரு குடும்பநல வழக்கறிஞரை. அவர் தயங்கினாலோ, பெண் வீட்டாருக்குத் தகவல் சொல்பவராக இருந்தாலோ, இழப்பு உயிராகவும் இருக்கலாம்.

இத்துறைக்கு வரும் தலித் பட்டதாரி, தம் சமூக அனுபவத்தால் முன்பே அறிந்திருக்கும் சில செய்திகள் சட்ட அறிவாக மாற்றத்தக்கவை.

முதலாவது, சுயமரியாதைத் திருமணம். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7அ பிரிவு அதற்குச் சட்ட ஏற்பு அளித்தது. வழக்கறிஞர் அலுவலகங்களில் நடக்கும் இத்திருமணங்கள் செல்லாது என்ற சென்னை உயர் நீதிமன்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 28 அன்று ஏற்க மறுத்தது. நண்பர் என்ற தனிப்பட்ட முறையில் வழக்கறிஞர் அதில் பங்கேற்கலாம். மாறாக, 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் அறிவிப்பைக் கோருகிறது. அச்சுறுத்தலில் இருக்கும் இணையருக்கு எந்த வழி பாதுகாப்பானது என்று சொல்லத் தெரிவது ஜூனியரிடமும் எதிர்பார்க்கப்படும் அறிவு.

இரண்டாவது, வழக்காறு முறையிலான மணமுறிவு. பல ஊர்களில் பஞ்சாயத்தார் முன் எழுதிய தாளுடன் திருமணம் முடிந்ததாகக் கருதப்படுகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்றைக் காப்பாற்றினாலும், அவ்வழக்காறு நெடுங்காலமாக நிலவுவதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க இயலாதபோது, மறுமணம் செய்த பெண்ணின் நிலை சட்டத்தில் கேள்விக்குள்ளாகிறது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009, 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவில்லாத திருமணத்தை நிரூபிப்பதே ஜீவனாம்ச வழக்கின் முதல் போராட்டமாகிவிடுவதுண்டு.

மூன்றாவது, குழந்தையின் சாதி. தந்தை பிற சாதியினர், தாய் பட்டியல் சாதியினர் என்ற நிலையில், குழந்தை எந்தச் சூழலில் வளர்ந்தது என்பதை ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்று ரமேஷ்பாய் தாபாய் நாயிகா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கணவரைப் பிரிந்த தலித் தாய்மாருக்கு இத்தீர்ப்பு மிக முக்கியமானது.

எங்கே விண்ணப்பிப்பது

1984ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின்கீழ்த் தனி நீதிமன்றம் அமைந்துள்ள நகரங்களில் அங்கேயே தேட வேண்டும். அது இல்லாத இடங்களில் இந்து திருமண மனுக்களைச் சார்பு நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் இரண்டு வாரங்கள் நீதிமன்ற அறையின் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பது பயன் தரும். மறைவிசாரணை நடக்கும் வழக்குகளில் வெளியே சென்றுவிட வேண்டும். மற்ற நேரங்களில் யார் கட்டுகளைப் படித்துவிட்டு வருகிறார், யார் வாய்தா மட்டுமே கேட்கிறார், யார் தம் ஜூனியரைப் பேச விடுகிறார் என்பதைப் பார்க்கலாம். வழக்குப் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஐந்தாறு அலுவலகங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இன்னொரு வாயில். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். எனவே குடும்பநல வழக்குகள் அங்கே மிகுதி. குழு வழக்கறிஞராக அமர்த்தப்பட வழக்கமாக மூன்றாண்டு அனுபவம் கேட்கப்படும். எனினும் குழுவில் உள்ள வழக்கறிஞர்களிடம் ஜூனியராகச் சேர முயலலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாதுகாப்பு அலுவலர்கள், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், பெண்கள் அமைப்புகள் ஆகியோரும் எந்த வழக்கறிஞர் நேர்மையாக நடத்துகிறார் என்பதை அறிவர்.

விண்ணப்பக் கடிதம்

ஒரு பக்கம் போதும். பதிவு எண், பார் தேர்வு நிலை, பயிற்சி பெற்ற இடங்கள், அறிந்த மொழிகள், ஏன் இந்தத் துறை, ஏன் இந்த அலுவலகம் என்பன இடம்பெற வேண்டும். 'தங்கள் மேலான வழிகாட்டுதலை வேண்டி' என்ற வேண்டுகோள் வரிகளைவிடச் செய்யத் தெரிந்த வேலையைச் சொல்லும் வரிகளே எடுபடும். எடுத்துக்காட்டாக:

'இரண்டு வாரங்களாகக் குடும்பநல நீதிமன்றத்தில் தங்கள் வழக்குகளைக் கவனித்து வருகிறேன். இடைக்கால ஜீவனாம்ச மனு, சொத்து மற்றும் கடன் விவர உறுதிமொழி ஆவணம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரைய இயலும். மாதிரி வரைவுகளை இணைத்துள்ளேன். மின்முறைத் தாக்கல் தெரியும். காலை ஒன்பது மணி முதல் மாலை அலுவலகம் முடியும்வரை பணியாற்ற ஆயத்தமாக உள்ளேன்.'

மாதிரி வரைவு இணைப்பது பரிந்துரைக் கடிதம் இல்லாதவரின் பலம். பயிற்சிக் காலத்தில் கண்ட உண்மையான மனுவை இணைக்கக் கூடாது. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இவ்வழக்குகளின் விவரங்களை வெளியிடுவதைத் தடை செய்கிறது. பெயர், ஊர், தேதி அனைத்தையும் கற்பனையாக அமைத்துப் புதிதாக வரைய வேண்டும்.

வரைவில் அண்மைச் சட்ட நிலை தெரிய வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியுள்ளது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று வந்த தீர்ப்பு, இரு தரப்பும் சொத்து விவர உறுதிமொழி ஆவணம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு தாக்கல் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் வகுத்தது. குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தோன்றுவது தரப்பினரின் உரிமையன்று, நீதிமன்றத்தின் அனுமதி என்பதை 13ஆம் பிரிவு சொல்கிறது. இவற்றைப் பிழையின்றிக் கையாண்ட இரண்டு பக்கங்கள் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

தமிழ்வழியில் படித்ததை மறைக்க வேண்டியதில்லை. கட்சிக்காரர் பேசுவதும் சாட்சி சொல்வதும் தமிழில். அழுதுகொண்டே பேசும் ஒரு பெண்ணின் சொற்களிலிருந்து தேதிவாரியான மனுவை எழுதுவது மொழி அறிந்தவரின் திறன். ஆங்கிலம் மேல்முறையீட்டுக்குத் தேவைப்படும். அதை அலுவலகத்தில் சேர்ந்த பிறகும் வளர்த்துக்கொள்ளலாம்.

நேர்காணலில் கேட்பவையும் கேட்கப்படுபவையும்

'சொந்த ஊர் எது?', 'ஊரில் எந்தப் பக்கம்?', 'அப்பா என்ன செய்கிறார்?' என்ற கேள்விகள் பல வேளைகளில் சாதியை அறியவே கேட்கப்படுகின்றன. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வேலை பற்றிய பேச்சுக்குத் திரும்புவது ஒரு வழி. வெளிப்படையாகச் சொல்வது மற்றொரு வழி. எதைத் தேர்ந்தாலும் அது விண்ணப்பிப்பவரின் முடிவாக இருக்க வேண்டும். சாதி தெரிந்ததும் பேச்சின் தொனி மாறும் அலுவலகம், சாதி மறுப்பு இணையரின் வழக்கை எப்படி நடத்தும் என்பதையும் சேர்த்தே காட்டிவிடுகிறது.

விண்ணப்பிப்பவரும் சிலவற்றைக் கேட்க வேண்டும். மாத உதவித்தொகை எவ்வளவு? வக்காலத்தில் என் பெயர் சேர்க்கப்படுமா? எத்தனை மாதங்களில் முதல் விசாரணை நடத்த அனுமதி கிடைக்கும்? தாக்கல் செலவும் பயணச் செலவும் யாருடையவை? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

உதவித்தொகை பற்றி ஆதாரத்துடன் பேசலாம். 2024 சூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை வழங்கச் சுற்றறிக்கை அனுப்புமாறு தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாய், பிற இடங்களில் 15,000 ரூபாய் என்பது அதன் அளவு. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியப் பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, ஊரகத்துக்கு 15,000 எனப் பரிந்துரைத்தது. நடைமுறையில் பல அலுவலகங்கள் இதில் ஒரு பகுதியையே தருகின்றன. சில ஒன்றும் தருவதில்லை. வீட்டிலிருந்து பணம் வருபவரே இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடிகிறது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளை ஆறாவது மாதத்தில் தொழிலை விட்டுச் செல்லும்போது அது திறமைக் குறைவாகக் கணக்கெழுதப்படுகிறது. தமிழ்நாடு அரசு இளம் வழக்கறிஞர்களுக்கு அறிவித்த மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டத்தையும், ஆதிதிராவிடச் சட்டப் பட்டதாரிகள் தொழில் தொடங்கத் தாட்கோ வழங்கும் நிதியுதவியையும் பதிவு செய்த உடனே விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் நாளிலிருந்து ஆவணம்

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அனுபவம் கணக்கிடப்படும். அந்நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் சான்றளிக்கலாம். அல்லது பத்தாண்டுக்குக் குறையாத அனுபவமுள்ள வழக்கறிஞர் அளிக்கும் சான்றில் அவர் மேலொப்பமிட வேண்டும்.

இதனால் சீனியரின் கையொப்பம் முன்னெப்போதையும்விடக் கனமானதாகிவிட்டது. பூசல் ஏற்பட்டு அலுவலகத்தை விட்டு வெளியேறும் ஜூனியர் தம் மூன்றாண்டையும் இழந்துவிடக் கூடாது. வக்காலத்தில் பெயர், ஆஜரான நாளின் உத்தரவு நகல், வழக்கு எண்ணும் அன்று நடந்ததும் எழுதிய நாட்குறிப்பு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்து வைப்பதே பாதுகாப்பு.

அவமதிப்பு நேர்ந்தால்

சிறிய அலுவலகங்களில் பாலியல் துன்புறுத்தல் நேர்ந்தால் வழியில்லை என்ற எண்ணம் தவறு. பத்துப் பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் இடங்களுக்காக, 2013ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழுவை அமைத்துள்ளது. சாதி இழிவுரைக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். ஆனால் பொதுப் பார்வையில் படும் இடத்தில் அது நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் கண்டிப்பாகப் பார்க்கின்றன. வெளியார் எவருமில்லாத மூடிய அறைக்குள் சொல்லப்பட்டதை நிறுவுவது கடினம். நாளும் நேரமும் உடனிருந்தோர் பெயரும் அன்றே எழுதி வைக்கப்பட வேண்டும்.

செய்ய வேண்டியது யார்

வாய்ப்பைத் தேடும் சுமையை முழுவதும் பட்டதாரியின் தோளில் ஏற்றுவது நியாயமாகாது. வழக்கறிஞர் சங்கங்கள் ஜூனியர் தேவைப்படும் அலுவலகங்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் குழு வழக்கறிஞர் ஒவ்வொருவரும் முதல் தலைமுறை ஜூனியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள ஊக்குவிக்கலாம். பார் கவுன்சில் தன் உதவித்தொகைச் சுற்றறிக்கை பின்பற்றப்படுகிறதா என்று ஆண்டுக்கொருமுறை கேட்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. முன்பே தொழிலில் காலூன்றிய தலித் வழக்கறிஞர்கள் தம் அலுவலகத்தில் ஒரு நாற்காலியை இதற்கென ஒதுக்குவதும் அவ்வளவு எளிதே.

குடும்பநல நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் கைக்குழந்தையுடன் காத்திருக்கும் பெண், தன் ஊரையும் தெருவையும் சொல்லத் தயங்காமல் பேசக்கூடிய ஒரு வழக்கறிஞரைத் தேடுகிறாள். அவள் தேடும் வழக்கறிஞர் அதே தாழ்வாரத்தின் மறுமுனையில், கையில் விண்ணப்பக் கடிதத்துடன் நின்றுகொண்டிருக்கலாம்.